வெப்பக் கவசத்தில் ஒரு புள்ளி

விண்கலத்தின் அடிப்பக்கத்தில் அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்ததும் இந்துஜா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

அடிப்பக்கம் என்றால் வெப்பக் கவசம். கலம் பூமிக்குத் திரும்பும்போது நெருப்பைத் தாங்குவது அதுதான். அதில் ஓட்டை என்றால் உள்ளே இருக்கும் மூன்று பேரும் சாம்பல்.

லோதி ரோடு அலுவலகத்தின் அந்த அறையில் எப்போதும் அரையிருட்டு. விண்ணிலிருந்து வரும் படங்களைப் பார்த்து, சேதம் உண்டா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. இறங்குவதற்கு முன் எடுத்த கடைசிப் படம் இது. கட்டுப்பாட்டு அறையில் போனும் கையுமாகக் காத்திருந்தார்கள். இங்கே சரி என்று சொன்னால் அங்கே இன்ஜினை எரியவிடுவார்கள். அதற்குப் பிறகு கலம் மறுபடி மேலே போக வழியில்லை.

"சார், நிறுத்தச் சொல்லுங்க! இங்க பாருங்க!" அலறியபடி புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

திரை வெளிச்சத்தில் அவள் விரல் நுனி சிவப்பாக இருந்தது.

மேலதிகாரி அனந்தகிருஷ்ணன் ரிசீவரைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, இது நேத்திக்கு நான் வச்ச பொட்டுன்னா!"

நேற்று ஆயுத பூஜை. மனிதர் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் ஒவ்வொரு கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் வைக்க வேண்டியதை இதில் மட்டும் திரையிலேயே அப்பிவிட்டார். பின்னாலிருந்து வெளிச்சம் வந்ததால் அது கறுப்பாகத் தெரிந்தது. பூஜைக்குப் பிறகு வழக்கப்படி யாரும் கணினியைத் தொடவில்லை. படத்தைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால், பொட்டு மட்டும் அங்கேயே நின்று காட்டிக்கொடுத்திருக்கும். பயத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

சிரிப்பு அடங்காமலே அவர் போனில் இந்தியில் 'சப் டீக் ஹை', எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த பூஜைப் பொரியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் செய்தி வந்தது. இன்ஜின் எரிந்து முடிந்தது, கலம் இறங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து அறையில் கைதட்டினார்கள்.

இந்துஜாவும் சிரித்துக்கொண்டே துப்பட்டா நுனியால் பொட்டைத் துடைத்தாள். சந்தனம் உதிர்ந்தது. அதன் அடியில் மெல்லிய கறுப்புக் கீறல் ஒன்று மிச்சம் இருந்தது.

காய்ந்த சந்தனம் லேசில் போகாது என்று நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

கை தானாக மவுஸுக்குப் போனது. படத்தை மெல்ல நகர்த்தினாள்.

கீறலும் கூடவே நகர்ந்தது.