பச்சையாய் மினுங்குவதெல்லாம்

பெண் பார்க்க வருகிறவர் முதலில் மீனின் மூளையைப் பார்க்க வேண்டும். பேராதனையில் ஆய்வு செய்யும் நிரோஷினியின் ஒரே நிபந்தனை அதுதான். மாப்பிள்ளையின் படம்கூட வேண்டாம் என்றுவிட்டாள்.

முன்பு வந்த இருவரும் தேறவில்லை. ஒருவர், “பொரிக்கிறதுன்னா எத்தன வேணும்?” என்று சிரித்தார். மற்றவர் ஃபோனை விட்டுக் கண்ணையே எடுக்கவில்லை.

“இன்னைக்கு வர்ற கம்பளை மாப்பிள்ளையையும் வெரட்டுனா, இனி நான் யாரையும் தேட மாட்டேன்” என்று அம்மா பாலம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

பதினொரு மணிக்கு யாரோ மாடி ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டினார்கள்.

“கம்பளையில இருந்தா?”

“ஆமாங்க. கீழ வந்து…”

“கீழ அப்புறம் போவோம். மொதல்ல இதப் பாருங்க.”

வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக் குனிந்தார். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த மீன்குஞ்சு. கண்ணாடி போன்ற தலைக்குள் பச்சைப் பச்சையாய்ப் புள்ளிகள்.

“அதெல்லாம் மூளைக் கலங்க. அதுல சிலது மட்டும் பிரிஞ்சு பிரிஞ்சு புது நரம்புக் கலங்களப் பெத்துக் குடுக்கும். அந்தத் தாய்க் கலம் எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேல. அது பச்சையா மினுங்குற மாதிரி அடையாளம் போட்டிருக்கேன்.”

அவர் ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“வேன் அங்க நிக்கலாமா மிஸ்?”

“நிக்கலாம், நிக்கலாம்.”

மறுபடி குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“பச்சையா மினுங்குறது எல்லாமே தாய்தானா? தாயோட பச்ச கொஞ்சம் புள்ளைக்கும் ஒட்டியிருக்காதா?”

நிரோஷினி திகைத்துப் போனாள். அந்த ஒரு சந்தேகத்துக்காகத்தான் எட்டு மாத வேலையை அவள் முதலிலிருந்து செய்துகொண்டிருந்தாள்.

“ஒட்டியிருக்கும்! அதான் பச்சைய மட்டும் நம்பக் கூடாது. புள்ளையப் பெத்துட்டுத் தானும் தாயாவே நிக்குதான்னு ரெண்டு நாள் விடாமப் பார்க்கணும்.”

“அப்ப அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது.”

“கூடவே கூடாது” என்றாள். முகம் சிவந்துவிட்டது. “ஆனா நான் முடிவு பண்ணிட்டேன். எனக்குச் சம்மதம்.”

அவர் முகமெல்லாம் சிரிப்பாகச் செருப்பை மாட்டினார்.

“இப்பவே போய் மாப்பிள்ளைகிட்டச் சொல்லிர்றேன் மிஸ். மீன் வாட ஒத்துக்காதுன்னு வேன்லயே ஒக்காந்திருக்காரு.”