உப்பில்லாப் பத்தியம்

“சத்தியம் பற பொன்செல்வி. ஒளிச்சு வெச்சுக் கருவாடு தின்னுறியா?”

தம்பானூர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பிரஷர் பட்டையை உருவிக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள். பொன்செல்விக்கு அழுகை முட்டியது. ஏழு மாத வயிறு. இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன.

“இல்ல டாக்டர். குழம்புல ஒரு கல் உப்பு போடுறதில்ல.”

“பின்னே பிரஷர் எங்ஙன கூடும்? அடுத்த வாரம் குறையலேங்கில் அட்மிட் செய்யணும். குஞ்ஞுக்கு ஆபத்தாணு.”

“நான் சொன்னா எங்க கேக்கா டாக்டர்? அவளுக்கு நாக்கு நீளம்” என்றான் பக்கத்தில் நின்ற தங்கபாண்டி.

கட்டின புருஷனே நம்பவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவனை எப்படிக் கோபித்துக்கொள்வது? கடலோரப் பூவாறு ஊரில் அவர்கள் வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் தெருக்குழாயில்தான், அதுவும் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. அவள் உண்டானதிலிருந்து அவளைக் குடம் தூக்க விடாமல் அவனே சுமக்கிறான். சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றியும் கொடுக்கிறான். தெருப் பெண்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல்.

பத்தியமும் அவளுக்குப் பாரமாக இல்லை. உப்பில்லாத கஞ்சிகூட என்னவோ ருசியாகத்தான் இறங்கியது. மசக்கை நாக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் பிராய்லர் ஷெட். உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தும் கோழிகள் கொழுகொழுவென்று நிற்பது ஊருக்கே அதிசயம். “எல்லாம் தீவனத்துல கலக்குற இந்தப் பொடியாலதான்” என்பான் தங்கபாண்டி. அந்தப் பொடிக்கு அங்கே அவன்தான் ஏஜென்ட். கோழி வளர்ப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுப் பை பையாக வாங்கிப் போனார்கள். பொன்செல்வியை மட்டும், மாசமாக இருப்பவளுக்குக் கோழி வாடை ஆகாது என்று அந்தப் பக்கமே விடமாட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பொடி வாங்க ரெண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள். அவன் அவர்களோடு பேச நின்றுவிட்டான். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவசரமாகப் பின்பக்கம் ஓடியவள் ஷெட்டுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளிக்கக் கோழிகளுக்கு வைத்திருந்த டிரம்மிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டாள்.

ஒரு வாய் வைத்ததும் கை அப்படியே நின்றது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். துளி உப்பில்லை. சந்தேகமே இல்லை, தெருக்குழாய்த் தண்ணீர்.

அவளைத் தேடிக்கொண்டு தங்கபாண்டி வந்து நின்றான். அவள் கையில் இருந்த செம்பைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

“அப்போ வீட்டுக் குடத்துல எனக்கு ஊத்தி வச்சிருக்கது எந்தத் தண்ணி?” அவள் செம்பை அவன் முன்னால் நீட்டினாள். “டாக்டர் முன்னால என்னையக் கள்ளியாக்கினீரே!”

அவன் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“சத்தம் போடாதட்டி. உப்புத் தண்ணி குடிச்சா கோழி செத்துப்போவும்லா?”