எட்டாம் நம்பர் கை

நார்வேயில் பிறந்த என் மகளுக்கு இந்தியக் குடியுரிமை கேட்டுத் தூதரகத்தில் அதிகாரி முன் உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் ஐந்து வருடமாவது இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டுமாம்.

"இங்க வர்றதுக்கு முன்ன விருதுநகர்ல ஆறு வருஷம் இருந்தேன் சார்."

"தூங்குனது அங்கம்மா. வேலை பார்த்தது நார்வே துறைமுகத்துல. வேலை எங்கயோ, வாழ்ந்ததும் அங்கதான். சட்டம்."

ஆறு வருடமும் எட்டாம் நம்பர் வாடகை அறையில் தனியாக, துறைமுகத்தைக் கண்முன் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நார்வேயில் இருந்த கிரேனை அங்கிருந்தே ஓட்டினேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி பார்த்த உத்தியோகம் அது. நார்வேக்காரனிடம் குடியுரிமை கேட்டால், நீ விருதுநகரில்தானே இருந்தாய் என்கிறான். உழைப்பை வாங்கிக்கொண்டவர்கள் பிள்ளையை மட்டும் மாற்றி மாற்றித் தள்ளுகிறார்கள்.

"அங்க உங்களத் தெரிஞ்சவங்க ஒருத்தர் சொன்னாப் போதும். சொந்தக்காரங்க கூடாது."

மெஸ் நடத்திய ராக்கம்மா அக்காவைத் தவிர யாருமில்லை. அதிகாரி அழைத்ததும் திரையில் வந்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"யாருன்னு தெரியலையே தாயி."

பொய்யில்லை. வேலை நேரத்தில் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்பதால், கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டித்தான் சாப்பாடு வாங்குவேன். தழும்புள்ள அந்த இடது கையைத் திரைமுன் நீட்டினேன்.

"ஏ, எட்டாம் நம்பரு! ரசம்னா விரல ஆட்டுவியே, நீதானா?"

அதிகாரி குறுக்கிட்டார். "இவங்க பேர் என்னம்மா?"

"பேரா? நானும் கேக்கல, அதுவும் சொல்லல."

அதிகாரி 'சாட்சி இல்லை' என்று எழுதினார். நான் கையை இறக்கவில்லை. அக்கா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப மெலிஞ்சிட்டியே தாயி."