அப்பா பெயரில் ஒரு சோதனை

கணினியில் சோதனைப் பொத்தானைத் தட்டிவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு ஸ்டெஃபனி மேசைக்குத் திரும்புவதற்குள் அந்த மடல் அவளுடைய கைப்பேசிக்கு வந்துவிட்டது.

'மரியநாதன் பணியிடத்தில் விபத்துக்கு உள்ளாகியிருக்கிறார். குடும்பத்தார் உடனே தொடர்பு கொள்ளவும்.'

மரியநாதன் அவளுடைய அப்பா. ஆனாலும் அவள் பதறவில்லை. இந்த வாரத்தில் இதே மடலை எத்தனை தடவை பார்த்தாயிற்று!

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்க்கும் ரசாயன ஆலைக்குத்தான் அவள் அலுவலகம் ஒரு புதுச் செயலி எழுதிக்கொண்டிருந்தது. ஆலைக்குள் யாருக்காவது ஏதாவது ஆனால், அது வீட்டாருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பழைய செயலி அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாசகத்தையே எழுத்து மாறாமல் எடுத்துக்கொண்டு, மின்னஞ்சல் அனுப்புவதற்கென்றே யாரோ எழுதி வைத்த நிரல் நூலகம் ஒன்றைப் புதியதில் பொருத்தியிருந்தாள்.

சோதித்துப் பார்க்க ஒரு ஊழியரின் பெயர் வேண்டுமே. அப்பாவின் பெயரைப் போட்டாள். மடல் அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் வரும், வேறு யாருக்கும் தொந்தரவில்லை என்று ஒரு கெட்டிக்காரத்தனம்.

முதல் தடவை அம்மா டொரத்தி அலறிவிட்டார். விஷயம் தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, மகளைத் திட்டித் தீர்த்தார். உயிரோடு இருக்கிற மனுஷன் பெயரை வைத்து இப்படியா எழுதுவது? நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றாள் ஸ்டெஃபனி. மாற்றவில்லை. நாலைந்து மடல் வந்ததும் அம்மாவுக்கும் பழகிப்போனது.

கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கப் போனவளுக்குச் சுருக்கென்றது.

இன்றைக்கு அவள் அப்பாவின் பெயரை மட்டும் போடவில்லை. ஆலை ஊழியர்கள் அத்தனை பேரின் பெயரையும் ஏற்றித்தான் ஓட்டியிருந்தாள். அப்பாவின் மடல் வந்துவிட்டதென்றால் மற்றவர்களுடையதும் போயிருக்கும்.



எத்தனை வீடுகள்! கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி அதைப் படிப்பாள். கண் தெரியாத தகப்பனுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். அழைத்துக் கேட்கவும் வழியில்லை. ஆலைக்குள் போகிறவர்களின் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிகிற வரைக்கும் வீட்டில் இருப்பவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேலை போகும், போய்த் தொலையட்டும். பயத்திலேயே யாருக்காவது உயிர் போய்விட்டால்?

கையில் இருந்த கைப்பேசி அலறியது. அம்மாதான்.

"ஸ்டெஃபி, அப்பா பேர்ல திரும்பியும் மெயில் வந்திருக்கு. உன் டெஸ்ட்தானே?"

"ஆமாம்மா, என்னோடதுதான். ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க."

"எனக்கென்ன பயம்? பழகிப்போச்சு லா. மீனு கருகுது, வச்சிடு."

அம்மாவைச் சமாளித்தாயிற்று. மற்ற வீடுகளை யார் சமாளிப்பது? மன்னிப்பு மடல் ஒன்றை அடிக்கத் தொடங்கினாள். 'முன்பு வந்த மடல் தவறுதலாக அனுப்பப்பட்டது. அனைவரும் நலம்.' எழுத்துகள் குழம்பின. அழித்து அழித்து அடித்தாள். அலுவலகத் தொலைபேசி இதோ அடிக்கும், இதோ அடிக்கும் என்று ஒரு காது அங்கேயே கிடந்தது. அது அடிக்கவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்து மேசை யுகேந்திரன் எழுந்து வந்தான். திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அவன் குனிந்து அவள் கணினியில் எதையோ திறந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அலமாக், ஒண்ணுகூட வெளிய போகல. எல்லாரு பேரையும் ஏத்தப் போறேன்னு நீ சொன்னதுமே, நான்தான் அனுப்புறத நிறுத்தி வச்சேன். எல்லாம் இந்த ஃபோல்டர்லதான் வந்து விழுந்திருக்கு. உன்ன நம்ப முடியுமா?"

போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டெஃபனி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. இந்தத் தடியனுக்கு ஆயுசுக்கும் நுரை பொங்கும் தே தாரேக் டீ வாங்கித் தரலாம் என்று தோன்றியது.

போகாமல் நின்ற மடல்களை அவன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். ஐயாசாமியின் பெயரில் ஒன்று. செல்வாவின் பெயரில் ஒன்று. அவர்கள் வீட்டில் இந்நேரம் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

மரியநாதன் பெயரிலும் ஒன்று இருந்தது. அதுவும் போகவில்லை.

ஸ்டெஃபனி கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். வந்த மடல் அங்கேயேதான் இருந்தது. அதே வாசகம், எழுத்து மாறாமல்.

பழைய செயலி ஆலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றான் யுகேந்திரன். அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி வெகுநேரம் அடித்தது.

எடுத்த அம்மாவின் குரலில் சிரிப்பு இருந்தது. பின்னால் மீன் பொரியும் சத்தம் கேட்டது.

"என்னடி, திரும்பியும் டெஸ்ட்டா?"