ஒரே அடுப்பு

"இந்த வீட்டுல எத்தனை அடுப்பு?"

கேட்டுக்கொண்டே வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார் சிங்களக்காரரான கிராம சேவகர் மிஸ். கையில் வீட்டுத்திட்டப் படிவம்.

"ஒன்னுதாங்க மிஸ்!" பெருமையாய் முந்திக்கொண்டாள் மாமியார் மருதாயி. "ரெண்டு மகனுக்கும் கல்யாணம் முடிச்சு வச்சும் ஒரே சட்டி சோறுதான். ஒரு நாள் சண்டை கிடையாது. இந்தத் தோட்டத்து லயத்துல வேற எந்த வீட்டுல உண்டு சொல்லுங்க?"

மிஸ்ஸின் பேனா நின்றது.

"அனே அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒன்னுதானா?"

"சத்தியமா ஒன்னுதாங்க!"

மிஸ் பேனாவை மூடினார். "இன்னைக்கு முடிக்க ஏலாது. வியாழக்கிழமை வாறேன்."

இடுப்பில் பிள்ளையோடு நின்ற சின்ன மருமகள் துஷ்யந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே அறையான லயக் காம்பராவில் எட்டுப் பேர். தொட்டில் கட்டினால் மாமனாருக்குக் கால் நீட்ட இடமில்லை. தனியாக ஒரு வீடு கிடைக்கும் என்றுதான் ஒரு வருசமாகக் காத்திருக்கிறாள்.

"இது மூணாவது தடவை மிஸ்! முதல்ல போட்டோ இல்லேன்னீங்க. பிறகு ஃபோம் மாறிருச்சுன்னீங்க. இன்னைக்கு ரப்பர் பால் வெட்டப் போகாம நிக்கிறேன், ஒரு நாள் பேரும் சம்பளமும் போச்சு. வீட்டுக்கும் அடுப்புக்கும் என்னங்க சம்பந்தம்? கொழும்புல எங்க சோத்துப் பானைய எட்டிப் பார்த்தா சட்டம் போடுறாங்க?"

மிஸ் தலை நிமிராமல் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார்.

"சட்டம் நான் போடல்ல தங்கச்சி." குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

"புளத்கொகுபிட்டிய பஸ்ஸுக்கு நேரமாச்சாக்கும்!" துஷ்யந்தி போட்ட சத்தம் கீழ் லயம் வரை கேட்டது. "அரசாங்க உத்தியோகம்! ஒரு எழுத்து எழுதக் கை வலிக்குது!"

"விடு புள்ள," என்றாள் மருதாயி. "நம்ம ஒத்துமையப் பார்த்துக் கண்ணு போட்டுட்டுப் போகுது."

பெஞ்சில் படிவம் கிடந்தது.

"இதையும் மறந்துட்டுப் போயிருச்சு பாருங்க!"

எரிச்சலோடு எடுத்தாள் துஷ்யந்தி. மேலே அச்சில் இருந்தது: 'ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு.'

கீழே அவள் பெயர், புருஷன் தினேஷ் பெயர், பிள்ளை பெயர். மூத்தவர் குடும்பத்தோடு சேர்க்காமல் தனியாக, முன்பே எழுதி வைத்திருந்தது. அடுப்புக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அதன் ஓரத்தில் பென்சிலால், கோணல் மாணலான தமிழில்:

'வியாழனுக்கு முந்தி. மூணு கல்லு போதும்.'