ஆன் ஆகாத செட்

“இப்ப அதை நோண்டி என்னங்க ஆகப்போகுது?”

கேட்டது மெக்கானிக்கின் மனைவி. துக்கம் கேட்க வந்தவர்களில் கடைசி ஆளும் செருப்பை மாட்டிக்கொண்டு போயாகிவிட்டது. காலியாகக் கிடந்த அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய வாக்கிடாக்கி செட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான் அவன்.

காவலாளிகளும் கட்டட மேஸ்திரிகளும் செட் செத்துவிட்டால் அவன் கடைக்குத்தான் ஓடி வருவார்கள். எப்பேர்ப்பட்ட செட்டையும் பேச வைத்துவிடுவான் என்று பேர். கடைசியில் அவன் வீட்டு செட்டே காலை வாரிவிட்டது.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்ததும், கடையிலிருந்து ஒரு ஜோடி செட் கொண்டுவந்தான். ஒன்று இங்கே அப்பாவின் தலையணை ஓரத்தில். மற்றது மாடியில், அவனும் மனைவியும் படுக்கும் அறையில். அப்பா இடது கட்டைவிரலால் பொத்தானை அமுக்கி “தண்ணி” என்றோ “திருப்பிப் படுக்க வைங்க” என்றோ சொன்னால் போதும், யாராவது இறங்கி வருவார்கள்.

முந்தாநாள் படுக்கப் போகுமுன் அவன் அப்பாவுடைய செட்டின் குமிழைத் திருகியபோது அதன் விளக்கு எரியவில்லை. ரெண்டு தட்டு தட்டியும் பார்த்தான்.

“ரிப்பேர் போலிருக்குப்பா. காலையில பாத்துக்கலாம். போய் ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்குங்க” என்றார் அப்பா.

அவனுக்கும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. சரியென்று மாடி ஏறிவிட்டான். விடிந்து பார்த்தால், அப்பா கட்டிலுக்குக் கீழே சில்லிட்டுக் கிடந்தார்.

“கட்டாயம் கூப்பிட்டிருப்பாரு. அமுக்கி அமுக்கிப் பாத்திருப்பாரு. இது ஏன் ஆன் ஆகலைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்” என்றான் இப்போது.

குமிழைத் திருகினான். ஒன்றுமில்லை. செட்டை அப்படியே சார்ஜரில் நிறுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது.

“பேட்டரி ஃபுல்லா இருக்கு” என்று முணுமுணுத்தான்.

பின்னால் இருந்த கொக்கியை நெம்பி பேட்டரியைக் கழற்றினான். பேட்டரி தொடும் இடத்தில், இரண்டு பித்தளைப் பொட்டுகளையும் மூடினாற்போல் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அப்பாவின் படுக்கைப்புண்ணுக்கு மனைவி தினமும் போட்டுவிட்டு, சுருளைத் தலைமாட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் அதே பிளாஸ்திரி.

அதை உரித்து விரலில் ஒட்டிக்கொண்டு, பேட்டரியை மாட்டித் திருகினான். செட் கர்ரென்று உயிர் பெற்றது. அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

“இது என்ன?”

“என்னது? பிளாஸ்திரியா? அது எப்படி அங்க போச்சு?”

“என்னைக் கேக்குறியா? இந்தப் பொட்டை மறைச்சா செட் செத்துடும்னு இந்தக் கட்டில்கிட்ட நின்னுதானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்! வேற யாருக்குத் தெரியும்? ஒரு ராத்திரியாவது முழுசாத் தூங்கணும்னு நீதானே புலம்பிக்கிட்டிருந்தே? தூங்கினியா? நல்லாத் தூங்கினியா?”

அவள் முகம் வெளுத்துப்போனது. அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

“மாமாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினவ நான். என்னைப் பாத்து இந்த வார்த்தை கேக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? தூக்கம் வேணும்னு சொன்னேன், இல்லேங்கல. அதைவிடப் பெரிய வார்த்தையை வாயில விட்டது யாரு?”

மெக்கானிக் செட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அந்த வார்த்தை அவனுக்கு மறக்கவில்லை. போன வாரம், ஒரே ராத்திரியில் நாலாவது தடவையாக செட்டில் அப்பாவின் குரல் வந்து எழுப்பியபோது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கத்தியிருந்தான்: ‘இந்தச் சனியன் என்னைக்குத்தான் வாயை மூடித் தொலைக்குமோ!’

“நான் செட்டைத்தான் சொன்னேன்” என்றான், குரல் இறங்கி.

“எனக்குத் தெரியும். நான் அதைத் தப்பாவா எடுத்துக்கிட்டேன்? நீங்கதான் இப்ப என்னைக் கொலைகாரியாக்குறீங்க.” அவள் விடுவிடுவென்று மாடிக்குப் போய், அங்கிருந்த செட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். “இந்தாங்க, இதையும் பாருங்க. பேசுறதுக்கு அமுக்குற பொத்தான் பத்து நாளா உள்ள போனா திரும்பி வரமாட்டேங்குது. ‘இதோ வரேன் மாமா’ன்னு அமுக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் நகத்தால நெம்பி எடுக்கிறேன். தூக்கக் கலக்கத்துல எத்தனையோ தடவை மறந்தே போயிருக்கேன். இதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லிடுங்க!”

மெக்கானிக் அந்தப் பொத்தானை மெல்ல அமுக்கினான். உள்ளே போனது, அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அப்பாவின் செட் வீலென்று கத்தியது. பொத்தான் உள்ளே நிற்கும் வரை மாடி அறையில் விடும் மூச்சுகூடக் கீழே கேட்கும். தொழில்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“நான் செட்டைத்தான் சொன்னேன்” என்றான் மறுபடியும், இந்த முறை காலிக் கட்டிலைப் பார்த்து.

மனைவி பிளாஸ்திரியை எப்போதும் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டுவாள். அவன் விரலில் ஒட்டியிருந்த துண்டின் ஓரமோ பிசிறு பிசிறாக, ஒரு கை மட்டும் விளங்கும் ஒருவர் பல்லால் கடித்து இழுத்தது போல இருந்தது.