பேத்தையன் உப்பிய விதம்

நகரத்தை மூழ்கடிக்கக் கடலிலிருந்து கிளம்பிய வில்லன் கோஷ்டியில் பேத்தை என்னும் முள்மீன் மனிதனான பேத்தையனுக்கு ஒரே வேலைதான். கோபத்தில் பந்தாக உப்பி, பறந்து வரும் சூப்பர் ஹீரோவை முள்ளால் மறிக்க வேண்டும். அதற்காகவே சண்டைக்கு முன் அவனைத் திட்டித் தீர்ப்பது கோஷ்டி வழக்கம்.

"கருவாட்டுக்குக்கூட ஆகாதவனே!" என்றார் தலைவர் திருக்கையார். கேட்டுக் கேட்டுப் புளித்த வசவு; அவன் உப்பவில்லை. ஹீரோ நெருங்கிவிட்டான்.

"இன்னைக்கு உப்பலைன்னா நீ கோஷ்டியிலேயே இல்லடா!"

"விடுங்கண்ணே," என்றாள் பக்கத்தில் மிதந்த கோஷ்டிக்காரி ஜெல்லியம்மா. "உப்பாட்டியும் அவன் நம்ம புள்ளதானே?"

பேத்தையன் உப்பினான். உப்பி உப்பித் தண்ணீரை விட்டெழும்பி, ஓங்கிய கையோடு வாய்பிளந்து நின்ற ஹீரோவையும் தாண்டி மேலே போனான்.

"டேய், இறங்குடா!" என்று கீழே கத்தினார்கள்.

கோபமென்றால் இறங்கத் தெரியும். இதிலிருந்து எப்படி இறங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை.